ஏரியல் கம்பியை வளைக்க முன்னர் கொஞ்சம் பொறுங்கள்

பழுது என்று வாழைச்சேனையில் இருந்து இந்தக் கிழமையும் ஒரு வீ.எச்.எஃப் செட், போட்டில் பேசும் ரேடியோ, வந்தது. செட்டில் ஒரு பிழையும் இல்லை. உடைந்த ஏரியலுக்குப் பதிலாகச் செப்புக் கம்பி போட்டு, உயரம் இடைஞ்சல் என்று அதை வட்டமாக வளைத்து, கபின் கூரையின் இரும்புக் குழாயோடு கட்டியிருக்கிறார்கள். கேட்டால், "மீற்றர் வைச்சுப் பார்த்தனாங்கள், லைன் போகுது" என்ற அதே பதில். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

மல்ரிமீற்றர் பார்ப்பது பற்றரி மின்னுக்கு வழி இருக்கிறதா என்பதை மட்டும்தான். கம்பி அறுந்திருந்தால் சொல்லும். ஏரியலாக வேலை செய்யுமா என்று அதற்குத் தெரியாது. அடியில் கொயில் உள்ள நல்ல ஏரியல்கள் சில மீற்றரில் ஷோர்ட் காட்டும், வேறு சில ஒன்றுமே காட்டாது. இரண்டும் நல்லவையாக இருக்கலாம். ஷோர்ட் என்று நல்ல ஏரியலைக் கழற்றி எறிந்துவிட்டு, பூச்சியம் ஓம் காட்டும் கம்பியை நம்பிக் கடலுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள்!

சனல் 16 என்பது 156.8 மெகாஹேர்ட்ஸ். அங்கே ஏரியல் கம்பி என்பது தடையும் கொயிலும் கொள்ளளவியும் (கப்பாசிற்றர்) தொடராகச் சேர்ந்த ஒரு சுற்று மாதிரி. நல்ல தரைத்தளத்தின் (ஏரியலின் அடியில் இருக்கும் உலோகப் பரப்பு) மேல் நேராக நிற்கும் 48 சென்ரிமீற்றர் கம்பியில் கொயிலும் கொள்ளளவியும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிட, ஏறத்தாழ 36 ஓம் மிஞ்சும். சக்தியை வெளியே அனுப்புவது அந்தத் தடைதான்; அதைக் கதிர்வீச்சுத் தடை என்பார்கள். நுனி இரும்புக்குக் கிட்டப் போனால் கொள்ளளவம் கூடி, ஒத்ததிர்வு, அதாவது கொயிலும் கொள்ளளவியும் ஈடாகும் அலைவரிசை, கீழே இறங்கும். 19 சென்ரிமீற்றர் சுற்றளவுள்ள மூடிய வளையம் என்றால் கதிர்வீச்சுத் தடை வெறும் 0.02 ஓம். ஏரியல் செட்டோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதற்கான அளவு எஸ்.டபிள்யூ.ஆர்; முழுதாகப் பொருந்தினால் 1. அது 3 ஆனாலே செட் அனுப்பும் 25 வாட்டில் கால்வாசி செட்டுக்குத் திரும்பிவிடும்.

வளைகம்பியைக் கணினியில் மாதிரியாக்கும் மாணவர்களுக்கும் ஒன்று. வளைவைச் சிறு துண்டுகளாக்கி, துண்டுகளுக்கு இடையிலான பிணைப்பையும் சேர்த்து ஒரே மின்சுற்றாக்கும் முறையை ஐபிஎம்மின் ஆல்பர்ட் ரூலி 1970களில் தந்தார். சனல் 16 க்குத் துண்டுகளை 9 சென்ரிமீற்றருக்குள் வையுங்கள். ஒரு துண்டின் விளைவு அடுத்த துண்டுக்குப் போய்ச் சேரும் தாமதத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதை விட்டால் கதிர்வீச்சுத் தடை விடையிலேயே வராது.

சரி, போட்காரர்களுக்கு. வளைத்தே ஆக வேண்டுமென்றால் நுனியை வளையுங்கள், அடியைத் தொடாதீர்கள்; மின்னோட்டம் கூடுதலாக ஓடுவது அடியில்தான். இரும்பில் இருந்து விலக்கிக் கட்டுங்கள். எஸ்.டபிள்யூ.ஆர் மீற்றரில் 1.5 க்குள் வர வேண்டும். சோதிக்கிறோம் என்று சனல் 16 இல் மைக்கை அழுத்திக்கொண்டு நிற்க வேண்டாம், அது ஆபத்து அழைப்புக்கான சனல். வேலைக்கென்று விட்ட வேறு சனலில், 1 வாட்டில் பாருங்கள்.

தம்பிமாரே, வாடைக்காற்று தொடங்க முன்னர் இதைச் செய்துவிடுங்கள். எஸ்.டபிள்யூ.ஆர் மீற்றர் இல்லையென்றால் போட் கரையில் நிற்கும்போதே கூப்பிடுங்கள், வந்து பார்த்துத் தருகிறேன்.