பல் பிடுங்கிய குதிரையில் எப்போது ஏறலாம்?

குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல் முளைக்காத ஓர் இடைவெளி உண்டு. கடிவாள இரும்பு உட்காருவது அங்கேதான். பல் பிடுங்கிய பிறகு எத்தனை நாள் ஓய்வு என்று கேட்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, காயம் அந்த இடைவெளிக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதைத்தான்.

முதல் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால், பெரும்பாலும் மேல்தாடையில், சில குதிரைகளுக்குச் சின்னதாக ஒரு பல் இருக்கும். ஓநாய்ப் பல் என்பார்கள். எடுப்பது சுலபம், காயமும் சிறியது. ஆனால் லகானை இழுக்கும்போது இரும்பு உதட்டோரத்தையும் கன்னத்தோலையும் பின்னால் தள்ளும். தள்ளப்படும் சதை நேராக அந்தக் காயத்தின் மேல் போய் மோதும். அதனால் சிக்கல் ஏதும் இல்லாவிட்டாலும் ஒன்றிரண்டு வாரம் வாயில் இரும்பு வைக்காமல் இருப்பதே வழக்கம்.

கடைவாய்ப் பல்லின் கதையே வேறு. இளம் குதிரையில் அந்தப் பல் 7 சென்டிமீட்டருக்கும் மேல் நீளம். பெரும்பகுதி தாடை எலும்புக்குள் புதைந்திருக்கும். மேலே தேய்ந்துகொண்டே போகும் பல்லுக்கு ஈடுகட்ட, ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை கீழிருந்து வெளியே வந்துகொண்டிருக்கும். குதிரைக்கு மயக்க மருந்து கொடுத்து, நரம்பை மரத்துப்போகச் செய்து, நின்ற நிலையிலேயே பல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து எடுப்பார்கள். சில சமயம் மணிக்கணக்கில் ஆகும். அவ்வளவு நேரம் வாயைத் திறந்தபடியே பிடித்து வைப்பதால் தாடைத் தசைகளும் வலிக்கும்.

பல் போன இடத்தில் ஆழமான குழி. முதலில் அதில் ரத்தம் உறையும். அந்த உறைவுதான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். பிறகு குழியின் சுவர்களிலிருந்து சிவப்பான புதுச் சதை வளர்ந்து நிரப்பும். அதன் மேல் ஈறு மூடும். இதற்கே வாரக்கணக்கில் ஆகும், உள்ளே எலும்பு நிரம்ப மாதக்கணக்கில். வைக்கோல் துணுக்கு உள்ளே போகாமலிருக்க மருத்துவர் குழிவாயை ஓர் அடைப்பால் மூடி வைப்பதுண்டு. உறைவு கலைந்தால் எலும்பு வெளியே தெரியும், கிருமி ஏறும், எலும்புச் சில்லு செத்துப் பிரியும். மேல்தாடையின் பின்பற்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: அவற்றின் வேர்களுக்கும் முகத்தின் காற்றறைக்கும் நடுவே மெல்லிய எலும்புதான். வாயில் துர்நாற்றம் வந்தாலோ ஒரு பக்க மூக்கில் மட்டும் சளி ஒழுகினாலோ சவாரியை மறந்துவிட்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

சரி, இரும்பு படாத ஆழத்தில்தானே காயம், ஏறினால் என்ன? ஓய்வில் நிமிடத்துக்கு 30, 40 முறை துடிக்கும் குதிரையின் இதயம் பாய்ச்சலில் 200-ஐத் தாண்டும். ரத்த அழுத்தமும் கூடவே ஏறும். புதிய உறைவு அதைத் தாங்காது. முதல் சில நாட்களுக்குக் கையில் பிடித்து மெதுவாக நடத்துவதே போதும். இரும்பில்லாத கடிவாளமும் முழுத் தீர்வாகாது. மூக்கைச் சுற்றிக் கட்டும் வார் இறுகினால் கன்னத்தைப் பற்களோடு சேர்த்து அழுத்தும்.

வலி மருந்து விஷயத்தில் நான் கொஞ்சம் கறாரானவன். ஃபினைல்பூட்டசோன் கொடுத்திருக்கும்போது குதிரை அமைதியாகத்தான் இருக்கும். அதை நம்பி ஏறக் கூடாது. மருத்துவர் சொல்லி மருந்தை நிறுத்தியபின் சில நாள் தீனி தின்பதைக் கவனியுங்கள். பாதி மென்ற புல்லை உருண்டையாகக் கீழே துப்பினால் வாய் இன்னும் வலிக்கிறது. ஒழுங்காகத் தின்றால், மருத்துவர் குழியைப் பார்த்துச் சரி என்ற பிறகு, ஆள் ஏறாமல் இரும்பை மட்டும் மாட்டிப் பாருங்கள். தலையை உதறினால் உடனே கழற்றிவிடுங்கள். இரும்பு என்றாலே வலி என்று ஒரு தடவை பதிந்துவிட்டால், காயம் ஆறின பிறகும் குதிரை வாயைத் திறக்க மறுக்கும்.

அப்புறம், எதிர்த்தாடைப் பல். உரசித் தேய்க்க ஆளில்லாமல் அது வெற்றிடத்தை நோக்கி நீண்டுகொண்டே போகும். குதிரை கழுத்தை வளைக்கும்போது கீழ்த்தாடை லேசாக முன்னால் நகர வேண்டும். நீண்ட பல் அதைத் தடுக்கும். அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அந்தப் பல்லைப் பார்த்து, தேவையானால் அராவிவிட வேண்டும்.