பிள்ளையின் கருவிழிக்கு வளையம்: காப்பீட்டு அட்டையில் கேட்டு வைக்க வேண்டியவை

கண்ணாடி போட்ட சில மாதங்களிலேயே மறுபடி மங்கல். கண்ணாடிச் சீட்டில் சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு ஒரே சீராக இல்லாததற்குக் கொடுக்கும் பவர்) மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. பையன் எப்போது பார்த்தாலும் கண்ணைக் கசக்குகிறான். இப்படி இருந்தால் கண்ணாடிக் கடையோடு நிற்காமல், கண் மருத்துவமனையில் கருவிழியை, அதாவது கண்ணின் முன்னால் உள்ள தெளிந்த படலமான கார்னியாவை, ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுங்கள். கருவிழி மெலிந்து கூம்பு போலப் புடைப்பதுதான் கெரட்டோகோனஸ். பெரும்பாலும் விடலைப் பருவத்தில் தொடங்கும். பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு வேகமாக முற்றும். அதனால் காப்பீட்டு வேலையைத் தள்ளிப்போட முடியாது.

முதலில் சிகிச்சையைப் புரிந்துகொள்வோம். வளையம் என்று சொன்னாலும் அது முழு வட்டம் இல்லை, பிறை வடிவில் கண்ணாடி போலத் தெளிந்த பிளாஸ்டிக் துண்டு. லேசரால் கருவிழியின் தடிமனுக்குள்ளேயே சின்னச் சுரங்கம் போட்டு அதில் ஒன்றோ இரண்டோ செருகுவார்கள். புடைப்பு கொஞ்சம் தட்டையாகும், பார்வை தேறும். தேவைப்பட்டால் வெளியே எடுத்துவிடலாம். ஆனால் கண்ணாடியோ லென்ஸோ பிறகும் வேண்டியிருக்கும். முக்கியமாக, வளையம் நோயை நிறுத்தாது. அதை நிறுத்தச் செய்வது கிராஸ்லிங்கிங்: ரைபோஃபிளேவின் (வைட்டமின் பி2) சொட்டு விட்டு, புற ஊதாக் கதிர் பாய்ச்சிக் கருவிழியை இறுக்குவது. பிள்ளைகளுக்கு வளையத்தை மட்டும் வைக்கலாம் என்று யாராவது சொன்னால், கிராஸ்லிங்கிங் எப்போது என்று தயங்காமல் கேளுங்கள். கண்ணைக் கசக்கும் பழக்கம் நிற்காவிட்டால் வளையம் நகர்ந்து வெளியே தள்ளிக்கொண்டு வரவும் கூடும்.

இனி அரசின் பள்ளிப் பரிசோதனையும் அட்டை விஷயமும். 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய அரசின் குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழு அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு வந்து 18 வயது வரை உள்ள பிள்ளைகளைப் பரிசோதிக்கும். பார்வைக் குறைபாடும் அதன் பட்டியலில் உண்டு. குறை தெரிந்தால் மாவட்ட மையம் வழியாக மேல் சிகிச்சைக்கு அனுப்புவார்கள். ஒரு கண் நன்றாகத் தெரிந்தால் மற்றதன் குறை மறைந்துபோகும். ஒவ்வொரு கண்ணாக மூடி எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்களா என்று பிள்ளையிடம் கேளுங்கள். குழுவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அரசு மருத்துவமனைக் கண் பிரிவுக்கு நேராகவே போகலாம்.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. நம் கடலூர் மாவட்டத்துக்காரர்கள் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு கடலூர் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். பிள்ளையின் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல பேர் அது இல்லாமல்தான் வேலை முடியாமல் திரும்பி வருகிறார்கள்.

நம் பக்கத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ரெட்டிச்சாவடி தமிழ்நாடு; கொஞ்சம் தள்ளிக் கிருமாம்பாக்கம் புதுச்சேரி. புதுச்சேரியில் உள்ள தவளக்குப்பத்துக் கண் மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ கடலூரிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம், ஆனால் மாநில எல்லை குறுக்கே வருகிறது. தமிழ்நாட்டுக் காப்பீடு தமிழ்நாட்டு ரேஷன் கார்டுக்குத்தான். புதுச்சேரிக் குடும்பங்கள் பார்க்க வேண்டியது மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டு அட்டையை. அதிலும் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை.

அட்டை இருந்தால் எல்லா ஆபரேஷனும் ஓடிவிடாது. இந்த இரண்டு திட்டங்களும் சிகிச்சைப் பட்டியல்படி நடப்பவை. மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்டரில் போய், இந்த மருத்துவமனை என் அட்டைக்கு, இந்தச் சிகிச்சைக்கு அங்கீகாரம் பெற்றதா, எந்தப் பெயரில் அப்ரூவலுக்கு அனுப்புகிறீர்கள், வளையத்தின் விலையும் அதற்குள் அடங்குமா, தனியே கட்ட வேண்டுமா என்று கேளுங்கள். ஆபரேஷன் தேதி குறிப்பதற்கு முன்பே கேட்க வேண்டும். ஏனென்றால் இவை பணமில்லாச் சிகிச்சைத் திட்டங்கள், கட்டிவிட்டு அப்புறம் பில் காட்டி வாங்குவதற்கானவை அல்ல. பதில் குழப்பமாக இருந்தால் தமிழ்நாட்டுத் திட்டத்துக்கு 1800 425 3993, ஆயுஷ்மான் பாரத்துக்கு 14555 என்ற இலவச எண்களில் பேசலாம்.

ஸ்கேன் தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள். புடைப்பு கூடுகிறதா என்பதை மருத்துவர் பழைய தாளையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் சொல்வார்.