படத்தில் காடாகத் தெரியும் தேக்குத் தோட்டம்

பறம்பிக்குளம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருந்தாலும், பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான் சாலையில் அங்கே செல்ல முடியும். அப்பாதையில் மழைக்காலத்தில் எடுக்கப்பட்டு, ‘அடர்ந்த காடு’ என்ற குறிப்போடு என் பார்வைக்கு வரும் படங்களில் பல, தேக்குத் தோட்டத்தின் படங்களே. தேக்கு அம்மண்ணுக்கு அயல்மரம் அன்று. தூணக்கடவுக்கு அருகில் நிற்கும் கன்னிமாரா தேக்கின் வயது நானூறு ஆண்டுகளுக்கு மேல் என மதிப்பிடப்படுகிறது. ஆனால் பலவகை மரங்களுக்கு நடுவே தானாக முளைத்த தேக்கும், இருந்த காட்டை வெட்டி நீக்கிவிட்டு வரிசையாக நட்ட தேக்கும் ஒன்றாகா.

வெட்டிய கட்டைகளை மலையுச்சியிலிருந்து கீழே சரித்துவிட்டதால் டாப்சிலிப் அப்பெயர் பெற்றது. கேரளப் பக்கத்தில் கொச்சி சமஸ்தானம் அமைத்த டிராம் பாதை, பறம்பிக்குளத்து மரங்களைச் சாலக்குடிக்கு இறக்கிக்கொண்டிருந்து 1963-இல்தான் நின்றது. பறம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தின் அணைகள் எழுந்தபோது பள்ளத்தாக்குக் காடுகளும் நீருக்கடியில் போயின. மூடுபனி தவழும் அந்த நீர்ப்பரப்பைத்தான் நாம் விரும்பிப் படமெடுக்கிறோம்.

இந்த இழப்பு கணக்கிலும் எளிதில் தென்படுவதில்லை. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மர விதானம் (மரங்களின் கிளையும் இலையும் மேலிருந்து நிலத்தை மூடும் அளவு) 10 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், அது யாருடைய நிலம், என்ன மரம் என்று பாராமல் இந்திய வன ஆய்வு நிறுவனம் அதை வனப்பரப்பாகவே கொள்கிறது.

ஆகவே, என்னிடம் படமெடுக்கப் பயில்வோரை நான் மார்ச் மாதத்தில் வரச் சொல்வேன். அப்போது தேக்கு இலையுதிர்த்து நிற்க, ஓடையோரத்துப் பசுமைமாறாக் காடு மட்டும் பச்சைத் திட்டுகளாகத் தனித்துத் தெரியும். எதிர்ச்சரிவிலிருந்து, தொலைவில் உள்ளதை அருகில் காட்டும் டெலி லென்ஸில் பார்த்தால், ஒரே பருமனுள்ள மரங்கள் ஒரே உயரத்தில் நிற்பதும் புலப்படும். மரத்தடியில் நின்று, அகன்ற காட்சியை அடக்கும் வைடு லென்ஸில் அண்ணாந்து எடுத்தால் இந்த வேறுபாடு மறைந்துவிடும் (போட்டிகளில் பரிசு பெறுவது பெரும்பாலும் அப்படம்தான் என்பது வேறு விஷயம்). இருவாச்சி கூடு வைப்பதும் இதே பருவத்தில்தான். பெண் பறவை பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொள்ள, ஆண் பறவை அத்திப்பழம் முதலியவற்றைக் கொண்டுவந்து ஊட்டும். அதற்குப் பெரும்பொந்துள்ள முதுமரமும் பழமரங்களும் வேண்டும். வரிசைத் தேக்கில் இவை அரிது.

ஒரே இடத்திலிருந்து, ஒரே லென்ஸில், ஆண்டுதோறும் அதே மாதத்தில் படமெடுத்து, ‘காடு’ என்று பொதுவாக எழுதாமல், ‘தேக்குத் தோட்டம், தூணக்கடவு, மார்ச்’ என்று ஆண்டையும் சேர்த்துக் குறித்துவைத்தால், பின்னாளில் ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு அது சான்றாகும். கைபேசியிலும் இதைச் செய்யலாம். இருவாச்சிக் கூடு படத்தில் இருந்தால் மட்டும், ஜிபிஎஸ் விவரத்தை நீக்கிய பிறகே பகிர வேண்டும்.