‘இரட்டை நிலைப்பாடு’: குற்றத்தைச் சொல்லாத சொல்

போன வாரம் ஒரு செய்தித் தொலைக்காட்சி விவாதத்தில் ‘இரட்டை நிலைப்பாடு’ என்ற தொடர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணத் தொடங்கினேன். பதினான்கு வந்ததும் விட்டுவிட்டேன். ஆட்சியில் இருந்தபோது ஒரு பேச்சு, எதிர்வரிசைக்குப் போனதும் வேறு பேச்சு என்று ஒரு கட்சிக்காரர் இன்னொரு கட்சிக்காரரைச் சாடினார். அவர் அதையே இவர்மீது திருப்பினார். இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருந்தது. ஆனால் அந்தக் குற்றத்துக்கு அவர்கள் இட்ட பெயர் தவறு. அடுத்த நாள் இரண்டு நாளிதழ்களிலும் அதே பெயரைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆங்கிலத்தில் ‘டபுள் ஸ்டாண்டர்ட்’ என்பதன் மொழிபெயர்ப்பு இது. ஸ்டாண்டர்ட் என்பது பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல். முதலில் போர்க்களத்தில் படை திரளும் கொடி. பிறகு அரசு நிர்ணயித்த எடை, அளவு. 19ஆம் நூற்றாண்டில் தங்கம், வெள்ளி இரண்டையும் நாணயத்துக்கு அடிப்படையாகக் கொள்ளும் முறைக்கும் ‘டபுள் ஸ்டாண்டர்ட்’ என்றே பெயர். பிறகுதான் ஆணுக்கு ஓர் ஒழுக்கம், பெண்ணுக்கு ஓர் ஒழுக்கம் என்ற அநியாயத்தைக் குறிக்க வந்து, அங்கிருந்து அரசியலுக்குப் பரவியது. இதில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இந்தச் சொல்லின் உயிர் அளவையில் இருக்கிறது. நிற்கும் இடத்தில் இல்லை.

‘இரட்டை நிலைப்பாடு’ தடுமாறுவது இங்கேதான். நிலைப்பாடு என்றால் ஒரு விஷயத்தில் ஒருவர் கொண்டிருக்கும் கருத்து. இரண்டு நிலைப்பாடு இருந்தது என்றால் அவர் நேற்று ஒன்று சொன்னார், இன்று ஒன்று சொல்கிறார் என்று பொருள். அது எப்படிக் குற்றமாகும்? மதுவிலக்கை ஆதரித்த ஒருவர், கள்ளச்சாராயச் சாவுகளைப் பார்த்துவிட்டு மனம் மாறலாம். மாநிலங்களின் வருவாய்க்குப் பாதுகாப்பில்லை என்று ஒரு வரிச் சட்டத்தை எதிர்த்தவர், இழப்பீடு உறுதியானதும் ஆதரிக்கலாம். இவை யோசிக்கிற மனிதர்கள் செய்கிற காரியம். அரசியலில் கருத்து மாறுவதையே பாவமாக்கிவிட்டால், பிடிவாதம் மட்டும்தான் நேர்மை என்றாகிவிடும்.

அப்படியானால் குற்றம் எது? ஆட்சிக் கலைப்பை எடுத்துக்கொள்வோம். 1977 மக்களவைத் தேர்தலில் காங்கிரஸ் தோற்று ஜனதா கட்சி ஆட்சிக்கு வந்தது. உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதிகளிலும் பீகாரின் 54 தொகுதிகளிலும் காங்கிரசுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மக்களவையில் மக்கள் இப்படிக் கைவிட்ட பிறகு மாநிலத்தில் ஆள உங்களுக்கு ஏது உரிமை என்று கேட்டு, உள்துறை அமைச்சர் சரண் சிங் காங்கிரஸ் முதல்வர்களுக்குக் கடிதம் எழுதினார். ஒன்பது மாநில அரசுகள் கலைக்கப்பட்டன. கூட்டாட்சிக்கு ஆபத்து என்றது காங்கிரஸ். மூன்றே ஆண்டுகள். 1980 ஜனவரியில் இந்திரா காந்தி 353 இடங்களோடு திரும்பி வந்தார். பிப்ரவரியில் ஒன்பது மாநில அரசுகள் கலைந்தன. காரணம் அதேதான்: மக்களவைத் தேர்தலில் தோற்றுவிட்டீர்கள். இந்தத் தடவை ஜனநாயகப் படுகொலை என்று கூவியவர்கள் 1977இல் கையெழுத்துப் போட்டவர்கள்.

அந்த ஒன்பதில் தமிழ்நாடும் ஒன்று. எம்.ஜி.ஆர். அரசு போனது 1980 பிப்ரவரி 17 அன்று. 1976 ஜனவரி 31 அன்று திமுக அரசைக் கலைத்தது இந்திரா காந்தி அரசு. 1980இல் அதே காங்கிரசோடு திமுக கூட்டணியில் இருந்தது. தன் ஆட்சி கலைந்தபோது அநீதியாகத் தெரிந்தது, எதிராளி ஆட்சி கலைந்தபோது அப்படித் தெரியவில்லை.

இங்கே யார் மனம் மாறியது? யாருமே மாறவில்லை. கலைப்பது நல்லதா கெட்டதா என்பதில் இந்தக் கட்சிகளுக்கு நிலைப்பாடே இருக்கவில்லை என்பதுதான் உண்மை. ‘எங்கள் ஆட்சியா, அவர்கள் ஆட்சியா’ என்று ஆளைப் பார்த்து எடைபோட்டார்கள். 1977இல் ஒரு கல், 1980இல் ஒரு கல். இல்லாத நிலைப்பாட்டை ‘இரட்டை’ என்று வேறு சொல்லி நாம் அவர்களுக்குக் கொள்கை கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நாடாளுமன்ற முடக்கமும் இப்படித்தான். 2012இல் நிலக்கரி ஒதுக்கீட்டு விவகாரத்தில் அவையை நடக்கவிடாத பாஜகவின் சுஷ்மா சுவராஜ், அவையை நடத்தவிடாமல் செய்வதும் ஜனநாயகத்தின் ஒரு வடிவமே என்றார். 2015இல், பாஜக ஆட்சியில் அமைச்சராகிவிட்ட அவரே பதவி விலக வேண்டும் என்று கேட்டு காங்கிரஸ் அவையை முடக்கியது. மக்களவையில் காங்கிரஸ் உறுப்பினர்கள் 25 பேர் ஐந்து நாள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். முடக்கம் என்ற செயல் அப்படியே இருந்தது. அதைச் செய்தது யார் என்பதுதான் மாறியது, அதோடு தீர்ப்பும் மாறியது.

சரி, வேறு சொற்கள்? ‘இரட்டை வேடம்’ மேடைப் பேச்சில் நன்றாக எடுபடும். ஆனால் அது பாசாங்கு. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. ஆட்சி கலைப்பில் பாசாங்கு எதுவும் இல்லை. இரண்டு தடவையும் அவர்கள் கோபம் உண்மையான கோபம்தான். தனக்கு நடந்தால் மட்டும் வருகிற கோபம் அது. ‘இரட்டைத் தரம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். தரம் என்றால் நம் காதில் அரிசியும் சேலையும்தான் விழும். ‘ஓரவஞ்சனை’ எனக்கு மிகவும் பிடித்த சொல். மன்றத்தில் ஒருபக்கம் சாய்ந்து தீர்ப்புச் சொல்வதை ‘ஓரஞ் சொல்லுதல்’ என்பார்கள். அப்படிச் சொன்னவர் வீட்டில் வேதாளம் சேரும், வெள்ளெருக்குப் பூக்கும் என்று ‘நல்வழி’ நூலில் ஔவையார் சபிக்கிறார். ஆனாலும் ஓரவஞ்சனை நடுவர் செய்கிற குற்றம். இரண்டு பிள்ளைகளில் ஒன்றைத் தாழ்த்துகிற தாய்க்கும், நிதி ஒதுக்குவதில் ஒரு மாநிலத்தை ஒதுக்குகிற ஒன்றிய அரசுக்கும் அது பொருந்தும். கட்சிகளோ வழக்காடுபவர்கள், தாங்களே ஒரு தரப்பாக இருந்துகொண்டு தராசையும் கையில் வைத்திருப்பவர்கள்.

இந்தக் கருத்து தமிழுக்குப் புதிது என்று நினைத்துத்தான் மொழிபெயர்ப்பாளர்கள் தடுமாறுகிறார்கள். புதிதே இல்லை. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பற்றிச் சொல்லும்போது, ‘தமவும் பிறவும் ஒப்ப நாடி’, வாங்குவதை மிகையாக வாங்காமல், கொடுப்பதைக் குறைத்துக் கொடுக்காமல் விற்றார்கள் என்கிறது. தம்முடையதையும் பிறருடையதையும் ஒரே மாதிரி எண்ணுவது. டபுள் ஸ்டாண்டர்ட் இல்லாமை என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எந்த அகராதியிலும் கிடைக்காது. திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரத்துக்கு உரையாசிரியர் பரிமேலழகர் தரும் விளக்கமும் இதுவே: பகைவர், அயலார், நண்பர் என்ற மூன்று தரப்பிலும் அறம் வழுவாமல் ஒப்ப நிற்றல். விவிலியத்தின் நீதிமொழிகள் வெவ்வேறான நிறைகல்லையும் வெவ்வேறான மரக்காலையும் சேர்த்தே கண்டிக்கிறது. எல்லா இடத்திலும் கல், கோல், மரக்கால். நிலைப்பாடு எங்கிருந்து வந்தது?

‘நிலைப்பாடு எடுத்தல்’ என்ற ஆங்கில நடையிலிருந்து வந்தது. இப்போது செய்தி அறைகளில் எதற்கும் நிலைப்பாடுதான். கருத்து, கொள்கை, முடிவு, பிடிவாதம், தயக்கம் எல்லாவற்றையும் அந்த ஒரு சொல் விழுங்கிவிட்டது. மொழிபெயர்க்கிற பிள்ளைகளுக்கு அவகாசம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் வீட்டில் பாட்டி சொன்ன பழமொழி ஒரு நொடியில் நினைவுக்கு வந்திருக்க வேண்டாமா? மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். உடைந்தது ஒரே குடம். உடைத்த கையைப் பார்த்து விலை சொல்கிறார்கள். 1977, 1980 கதை முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

கட்டுரையிலும் பாடநூலிலும் கலைச்சொல் வேண்டுமென்றால் ‘இரட்டை அளவுகோல்’ போதும். அது மொழிபெயர்ப்புதான், ஆனால் அளவையை விடாமல் பிடித்திருக்கிறது. செய்திக்கும் பேச்சுக்கும் ‘ஆளுக்கொரு நியாயம்’ என்பதே என் தேர்வு. மக்கள் வாயில் உயிரோடு இருக்கிறது, வினையோடு இயல்பாகச் சேர்கிறது: ஆளுக்கொரு நியாயம் பேசுகிறார்கள். நியாயம் வடசொல் என்று ஒரு தமிழாசிரிய நண்பர் ஆட்சேபித்து, ‘ஆளுக்கொரு முறை’ என்று மாற்றச் சொன்னார். அவர் தமிழ்ப்பற்றை மதிக்கிறேன். ஆனால் ‘ஆளுக்கொரு முறை’ என்றால் ஊஞ்சலில் ஆளுக்கு ஒரு தடவை ஆடுவது என்றுதான் படிப்பவர் புரிந்துகொள்வார். தூய்மைக்காகப் பொருளை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. தராசு என்ற சொல்லே பாரசீகத்திலிருந்து வந்தது. அதில் நிறுத்துத்தான் நாம் காய் வாங்குகிறோம்.

அந்த விவாதத்தின் அடியில் ஓடிய வரி இது: ‘ஆளுநர் விவகாரத்தில் கட்சிகள் இரட்டை நிலைப்பாடு’. நான் ஆசிரியர் மேசையில் இருந்திருந்தால் இப்படித் திருத்தியிருப்பேன்: ‘ஆளுநர் விவகாரம்: ஆண்டால் ஒரு நியாயம், எதிர்த்தால் ஒரு நியாயம்’. மூன்று சொல் கூடுகிறது. இடம் இருக்கும்.