கட்டையை அழுத்திய பிறகுதான் வேலை: சாம்பிள் ஸ்ட்ரிங்ஸுக்கு உயிர் கொடுப்பது பற்றி

யாராவது தங்கள் ஆர்க்கெஸ்ட்ரா ப்ராஜெக்டை எனக்கு அனுப்பி, "ஸ்ட்ரிங்ஸ் மட்டும் செயற்கையாகவே ஒலிக்கிறது, வேறு லைப்ரரி வாங்கட்டுமா?" என்று கேட்டால், நான் உடனே ஓடவிட்டுக் கேட்பதில்லை. (ஸ்ட்ரிங்ஸ் என்பது வயலின் குடும்பத்து வாத்தியங்கள். லைப்ரரி என்பது அவற்றைச் சுரம் சுரமாகப் பதிவுசெய்த சாம்பிள்களின் தொகுப்பு; கணினியில் கீபோர்டால் அதை வாசிக்கிறோம்.) வயலின் டிராக்கைத் திறந்து, சுரங்களுக்குக் கீழே உள்ள கண்ட்ரோலர் பகுதியைப் பார்ப்பேன். அங்கே சிசி 1, அதாவது சுரத்தின் பலத்தை நகர்த்தும் கண்ட்ரோலர், காலியாகவோ ஒரே நேர்கோடாகவோ கிடந்தால், இசையைக் கேட்காமலே பதில் சொல்லிவிடலாம்: வாங்க வேண்டாம். இருக்கும் லைப்ரரியையே இன்னும் யாரும் வாசிக்கவில்லை. சுரங்களை மட்டும் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

இதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. நம்மில் பெரும்பாலோர் கீபோர்டு வழியாக வந்தவர்கள். பியானோவில் கட்டையை அழுத்தியதும் சுத்தியல் தந்தியைத் தட்டுகிறது. அதன் பிறகு அந்த ஒலி தானாகத் தேய்ந்து அடங்கும். எவ்வளவு பலமாக அடிப்பது, எப்போது விடுவது என்ற இரண்டு முடிவுகள்தாம் வாசிப்பவர் கையில் இருக்கின்றன. வயலினில் நிலைமை நேரெதிர். சுரம் தொடங்கிய பிறகுதான் வாசிப்பவருக்கு வேலையே. வில் எவ்வளவு வேகமாக ஓடுகிறது, எவ்வளவு அழுத்தத்தோடு, பிரிட்ஜுக்கு எவ்வளவு அருகில் என்பதெல்லாம் அந்தச் சுரம் ஒலிக்கும் ஒவ்வொரு கணமும் மாறிக்கொண்டே இருக்கும். மின்னணு வாத்தியங்களும் கணினியும் பேசிக்கொள்ள 1983இல் வந்த மிடி முறையோ கீபோர்டுக்காரரின் சிந்தனையில் பிறந்தது. சுரம் ஆரம்பித்தது, இந்த வேகத்தில் அழுத்தப்பட்டது, முடிந்தது என்ற அளவுக்கு அது தானாகச் சொல்லும். நடுவில் நடப்பதை நாம்தான் தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் லைப்ரரி எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் ஹார்மோனியம் போலத்தான் நிற்கும்.

நடுவில் நடப்பதைச் சொல்லும் கருவிகள் முக்கியமாக இரண்டு. சிசி 1 என்பது மாடுலேஷன் வீல். சிசி 11 என்பது எக்ஸ்பிரஷன். இரண்டும் 0 முதல் 127 வரை நகரும். இரண்டையும் ஏற்றினால் ஒலி கூடுகிறது என்பதால் பலர் இவற்றை ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறார்கள். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. பெரும்பாலான லைப்ரரிகளில் ஒரே சுரத்தை மென்மையாக, நடுத்தரமாக, பலமாக என்று பல அடுக்குகளில் பதிவுசெய்து வைத்திருப்பார்கள். சிசி 1 அந்த அடுக்குகளுக்கு இடையே நகர்கிறது. அதாவது அது ஒலியின் அளவை மட்டுமல்ல, நிறத்தையும் மாற்றுகிறது. பலமாக இழுத்த வயலினில் மேல் ஒலிகள் பளீரென்று கூடிவரும். மெல்ல வருடியதில் அவை மறைந்திருக்கும். சிசி 11 நிறத்தைத் தொடுவதில்லை, சத்தத்தை மட்டும் கூட்டிக் குறைக்கிறது. பலமாக வாசித்த சாம்பிளை சிசி 11 கொண்டு தாழ்த்தினால் கிடைப்பது மென்மையான வாசிப்பு அல்ல, தூரத்தில் கேட்கும் கூச்சல். எனவே உணர்ச்சியை சிசி 1இல் எழுத வேண்டும்; மென்மையான அடுக்குக்கும் கீழே இறங்கி மௌனத்தைத் தொட வேண்டிய இடங்களுக்கும், சின்னச் சின்னச் சரிக்கட்டல்களுக்கும் சிசி 11. டிராக்கின் மொத்தச் சத்தமான சிசி 7ஐ மிக்ஸிங்குக்கு விட்டுவிடுங்கள்.

ஒரு சிறு வரியை எடுத்துப் பார்ப்போம். முதல் வயலின்கள், டி மேஜர், வேகம் நிமிடத்துக்கு 72 பீட், நான்கு பார், பாருக்கு நான்கு பீட். முதல் பாரில் ஏ இரண்டு பீட், பிறகு பி, சி ஷார்ப் ஒவ்வொரு பீட். இரண்டாம் பார் முழுவதும் மேலே எஃப் ஷார்ப். மூன்றாவதில் ஈ இரண்டு பீட், டி, சி ஷார்ப் ஒவ்வொன்று. நான்காவதில் பி நீண்டு முடிகிறது. 72 வேகத்தில் ஒரு பீட் சுமார் 833 மில்லிசெகண்ட். அப்படியானால் அந்த எஃப் ஷார்ப் மூன்று வினாடிக்கும் மேல் ஒலிக்கிறது. அந்த மூன்று வினாடியும் அசையாமல் நின்றால் கேட்பவர் காது உடனே கண்டுபிடித்துவிடும்.

நான் இதை இப்படி வாசிப்பேன். சிசி 1ஐ 45இல் ஆரம்பித்து, முதல் பார் முழுவதும் மெல்ல ஏற்றி சி ஷார்ப்பில் 62க்குக் கொண்டுவருவேன். எஃப் ஷார்ப் தொடங்கும் கணத்தில் உச்சத்தை வைக்க மாட்டேன். அது புதிதாக வருபவர்கள் எல்லோரும் செய்வது. உயர்ந்த சுரம் வந்ததும் அடித்தாற்போல் விழும். சுரம் 68இல் பிறந்து, இரண்டாம் பீட்டின் பாதியில் 88ஐத் தொட்டு, பிறகு 70க்கு இறங்கட்டும். பலம் சுரத்துக்குள்ளேயே மலர வேண்டும். ஈ தொடங்குவதற்குச் சற்று முன் 64 வரை ஒரு சிறு பள்ளம், உடனே 72. அந்தப் பள்ளம்தான் வில் திசை மாறியதன் அடையாளம். அங்கிருந்து சரிந்து, கடைசி பி 50இல் தொடங்கி 25க்கு வந்து, சிசி 11 கூடவே இறங்கி மறையும். இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் லைப்ரரியில் 88 என்பது காதைக் கிழிக்கும் இடமாக இருக்கலாம். வளைவின் வடிவத்தைப் பாருங்கள், அது போதும்.

வளைவை மவுஸால் வரைவதைவிட, வரி ஓடும்போது ஃபேடரையோ வீலையோ கையால் நகர்த்திப் பதிவுசெய்வது எப்போதும் மேல். பதிவுசெய்யும்போது அந்த வரியை வாய்விட்டுப் பாடுங்கள். பாடும்போது மூச்சு எங்கே தீர்கிறதோ, பெரும்பாலும் அங்கேதான் வில்லும் திரும்பும்.

வில்லைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வயலின் வில்லின் நீளம் ஏறக்குறைய 75 சென்டிமீட்டர். மெதுவாக, மென்மையாக இழுத்தால் ஒரு சுரத்தைப் பல வினாடிகள் தாங்கும். பலமாக வாசித்தால் வேகமாகத் தீர்ந்துவிடும். சாம்பிளுக்கு இந்தக் கணக்கே கிடையாது. லூப் செய்த சுரம் நாள் முழுவதும் உச்ச பலத்தில் ஒலிக்கும். அதனால் எழுதும் நாம்தான் வில்லின் நீளத்தை மனதில் வைத்திருக்க வேண்டும். நீண்ட பலமான சுரத்தை இரண்டாக வெட்டி மறுபடி தொடங்கலாம். அல்லது முதல் வயலின், இரண்டாம் வயலின், வயோலா மூன்றும் வெவ்வேறு இடங்களில் சுவாசிக்கும்படி பள்ளங்களை மாற்றி மாற்றி வைக்கலாம். இரண்டாவது வழி கூடுதல் உழைப்பு, ஆனால் எனக்குப் பிடித்தது அதுதான். எல்லா டிராக்குக்கும் ஒரே சிசி 1 வளைவைக் காப்பி செய்து ஒட்டும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். உள்குரல்கள் மேல்குரலுக்கு எதிர்த்திசையில் லேசாக ஏறி இறங்கும்போதுதான் ஸ்ட்ரிங்ஸ் பல மனிதர்களாகக் கேட்கிறது.

சுரங்களை இடைவெளியின்றி இணைத்து வாசிக்கும் லெகாட்டோ விஷயத்தில் தாமதம்தான் பெரிய வில்லங்கம். நல்ல லைப்ரரிகளில் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் நகர்வையே தனியாகப் பதிவுசெய்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் கட்டையை அழுத்தியதும் முதலில் அந்த நகர்வு ஒலிக்கும், அதன் பிறகே சுரம் வந்து சேரும். இதற்குச் சில லைப்ரரிகளில் 100 மில்லிசெகண்ட், சிலவற்றில் 300ஐத் தாண்டியும் ஆகிறது. 250 என்றே வைத்துக்கொள்வோம். நம்முடைய 72 வேகத்தில் ஒரு பீட்டின் நான்கில் ஒரு பங்கு 208 மில்லிசெகண்ட்தான். அதாவது தாளக் கட்டத்தில் துல்லியமாகக் குவாண்டைஸ் செய்து, அதாவது இழுத்துப் பொருத்தி, வைத்த சுரம், உண்மையில் கால் பீட்டுக்கும் மேல் தாமதமாகக் கேட்கிறது. பாட்டு இழுக்கிறது, தாளத்தில் உட்காரவில்லை என்ற புகார்களில் பாதி இங்கிருந்து வருபவை. டிராக் முழுவதையும் முன்னால் தள்ளிவிட்டால் எல்லாம் சரியாகிவிடாது. வரியின் முதல் சுரத்துக்கு நகர்வு கிடையாது, ஆகவே அதன் தாமதம் வேறு. வேகமாக அழுத்திய சுரத்துக்கும் மெதுவாக அழுத்தியதற்கும் தாமதம் மாறும் லைப்ரரிகளும் உண்டு. கையேட்டில் இந்த எண்களைத் தேடி ஒரு காகிதத்தில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். பிறகு சுரம் சுரமாக நகர்த்துங்கள். அலுப்பான வேலைதான். இதற்குக் குறுக்குவழி எதையும் நான் நம்புவதில்லை.

லெகாட்டோ ஒலிக்க அடுத்தடுத்த சுரங்கள் சற்றே ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். குவாண்டைஸ் செய்யும்போது சுரத்தின் முடிவும் கட்டத்தில் போய் ஒட்டிக்கொண்டால் அந்த மேலேற்றம் போய்விடும், நகர்வும் மௌனமாகிவிடும்.

"மனிதத்தன்மை" கூட்டுகிறேன் என்று சுரங்களைக் குத்துமதிப்பாக முன்பின் நகர்த்தும் ஹ்யூமனைஸ் பொத்தானை அழுத்துபவர்களிடம் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. தேர்ந்த வாசிப்பாளர் குத்துமதிப்பாகத் தடுமாறுவதில்லை. உச்சத்துக்குப் போகும்போது லேசாக முந்துவார், உச்சத்தில் லேசாக நிற்பார். அவருடைய விலகலுக்குக் காரணம் இருக்கிறது. அதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுக் கொண்டுவர முடியாது. டெம்போ டிராக்கில் வேகத்தையே ஏற்றி இறக்கிக் கொண்டுவரலாம்.

குறுகிய சுரங்களில், அதாவது வெட்டி வாசிக்கும் ஸ்டக்காட்டோ, வில் துள்ளும் ஸ்பிக்காட்டோவில், கதை மாறுகிறது. இங்கே பலத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வெலாசிட்டி, அதாவது கட்டையை அழுத்திய வேகம். ஒரே வெலாசிட்டியில் பதினாறு சுரம் ஓடினால் இயந்திரத் துப்பாக்கி போலக் கேட்கும். அதற்காகத்தான் ஒரே சுரத்தின் பல பதிவுகளை மாற்றி மாற்றி ஒலிக்கும் ரவுண்ட் ராபின் முறை வந்தது. அது மட்டும் போதாது. அடியிலிருந்து நுனிக்கு வில்லை இழுக்கும்போது கையின் எடை இயல்பாகவே தந்தியில் இறங்குகிறது. திரும்பித் தள்ளும்போது சற்றுக் குறைகிறது. எனவே நான்கு சுரக் கூட்டத்தை 92, 64, 74, 60 என்பது போல எழுதிப் பாருங்கள். நீண்ட சுரத்தின் ஆரம்பம் மந்தமாக இருந்தால், அதே சுரத்தில் மிக மெல்லிய ஸ்பிக்காட்டோ ஒன்றை அடியில் சேர்த்தால் தொடக்கத்துக்குக் கூர்மை கிடைக்கும். தனியாகக் காதில் விழாத அளவுக்கு வையுங்கள்.

அடுத்து எண்ணிக்கை. பெரிய சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவில் முதல் வயலின் 16, இரண்டாம் வயலின் 14, வயோலா 12, செல்லோ 10, டபுள் பேஸ் 8 என்ற அளவில் உட்காருவார்கள். 16 பேர் வாசித்த வயலின் சாம்பிளில் நான்கு சுரக் கார்டைப் பிடித்தால், அதாவது நான்கு சுரங்களை ஒரே நேரத்தில் அழுத்தினால், அங்கே 64 வயலின்கள் வாசிக்கின்றன. உண்மையில் அந்தப் பிரிவு நான்காகப் பிரிந்து, சுரத்துக்கு நான்கு பேர் வாசித்திருப்பார்கள். ஒலி மெலிந்து ஊடுருவிப் பார்க்கும்படி இருந்திருக்கும். இரண்டு கையாலும் கார்டு பிடித்துப் பதிவுசெய்த ஸ்ட்ரிங்ஸ் பேடில் (பின்னணியில் நீளும் கார்டுகளில்) வரும் அந்தக் கனத்த மொத்தைத்தனம் இதனால்தான். ஒவ்வொரு குரலையும் தனி டிராக்கில், அதற்குரிய வாத்தியத்தில், ஒரு நேரத்தில் ஒரு சுரமாக வாசியுங்கள். கீழ்ஸ்தாயியில் நெருக்கமான மூன்றாம் இடைவெளிகளைத் தவிர்த்து ஆக்டேவ், ஐந்தாம் இடைவெளிகளாகத் திறந்து வையுங்கள். வயலினின் கடைசித் தந்தி 196 ஹெர்ட்ஸ் ஜி. அதற்குக் கீழே வயலின் இல்லை. லைப்ரரி அனுமதித்தாலும் எழுதாதீர்கள்.

தனி வயலின் சாம்பிள்களில் ஒரு பொறி இருக்கிறது. பதினாறு பேர் கூட்டத்தில் சிசி 1 ஓர் அடுக்கிலிருந்து இன்னொன்றுக்குக் கலந்து போகும்போது காதுக்குத் தெரியாது. ஒற்றை வயலினில் அந்தக் கலப்பு நடக்கும் கணத்தில் இரண்டு வயலின்கள் ஒன்றாக வாசிப்பது போலவோ, ஒலி குழைந்து உள்வாங்குவது போலவோ கேட்கும். சுரத்தை நடுங்கவைக்கும் வைப்ராட்டோ கண்ட்ரோலரிலும் இதே தொல்லை. ஒரு சுரம் ஒலிக்கும்போது ஒரே அடுக்குக்குள் சிசி 1ஐ வைத்துக்கொண்டு, சுரம் மாறும் இடத்தில் அடுக்கைத் தாண்டுங்கள். நடுவில் தேவைப்படும் ஏற்ற இறக்கத்தை சிசி 11இடம் விடுங்கள். மேலே நான் சொன்ன விதிக்கு இது நேரெதிர்தான். தனி வாத்தியத்துக்கு விதி வேறு.

அறையைப் பற்றிச் சுருக்கமாக. லண்டன் ஏர் ஸ்டூடியோஸின் லிண்ட்ஹர்ஸ்ட் ஹாலில் பதிவான ஸ்பிட்ஃபயர் லைப்ரரிகளில் அந்த மண்டபமே சாம்பிளுக்குள் இருக்கிறது. வாத்தியங்கள் அவரவர் இருக்கையிலிருந்தே பதிவானதால் இடது வலது பேன் செய்யவும் தேவையில்லை. வியன்னா சிம்பொனிக் லைப்ரரியின் பழைய தொகுப்புகளோ சைலன்ட் ஸ்டேஜில் ஈரமின்றி, அதாவது மண்டபத்தின் எதிரொலி சேராமல், பதிவானவை. அறையை நீங்கள்தான் கட்ட வேண்டும். இரண்டையும் ஒரே ரிவெர்பில் (செயற்கை அறையொலியில்) தள்ளினால் ஒன்று குளத்தில் மூழ்கும், மற்றொன்று கரையில் நிற்கும். ஈரமானதற்கு வால் (எதிரொலி தேய்ந்து அடங்கும் பகுதி) மட்டும் கொஞ்சம், வறண்டதற்கு முதல் எதிரொலிகளும் வாலும் என்று தனித்தனியாகப் பாருங்கள். அசையாத சிசி 1ஐ ரிவெர்ப் மறைக்காது. அசையாத ஒன்றைப் பெரிய மண்டபத்தில் உட்காரவைக்கும், அவ்வளவே.

கடைசியாக, பிறகு உண்மையான இசைக்குழுவை வைத்துப் பதிவுசெய்யும் எண்ணத்தோடு, முதலில் சாம்பிள்களில் மாதிரி செய்பவர்களுக்கு. படத்தின் இயக்குநர் அந்த மாதிரியையே நாட்கணக்கில் கேட்டுப் பழகிவிடுவார். அதில் இருபது வினாடி வில் திரும்பாத உச்ச பல சுரமோ, 64 வயலின் கார்டோ இருந்தால், ஸ்டூடியோவில் தேர்ந்த வாசிப்பாளர்கள் வந்து வாசித்த பிறகு "மாதிரியில் இருந்த அந்த எடை எங்கே?" என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். மாதிரியை அனுப்புவதற்கு முன் ஒரு வயலின்காரரிடம் நோட்டேஷனைக் காட்டி வில் குறிகளைப் போடச் சொல்லுங்கள். அவர் பென்சில் தயங்கும் இடங்களை மாற்றி எழுதுங்கள். அவரே ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தால், மேல்குரலை மட்டும் அவரை வாசிக்கவைத்து, சாம்பிள்களுக்கு மேலே மெல்லிய அளவில் கலந்துவிடுங்கள். பத்து லைப்ரரிகளை அடுக்குவதைவிட அது பலன் தரும். அவர் வாசித்த டிராக்கை அலைவடிவமாகத் திரையில் பெரிதாக்கிவைத்து, அதற்குக் கீழே உங்கள் சிசி 1 வளைவையும் ஒருமுறை பாருங்கள். திருத்த வேண்டிய இடங்கள் அங்கேயே தெரியும்.