அட, அவர் இன்னும் இருக்காரா?

குல்சாரிலால் நந்தா 1998 ஜனவரி 15 அன்று அகமதாபாத்தில் காலமானார். வயது 99. நேரு மறைந்தபோது ஒருமுறை, சாஸ்திரி மறைந்தபோது ஒருமுறை என இரண்டு தடவை இடைக்காலப் பிரதமராக இருந்தவர். பொது அறிவுப் புத்தகத்தில் ஒரு வரிக் கேள்வியாக மட்டுமே அவரை அறிந்திருந்த தலைமுறைக்கு அந்தச் செய்தியில் துக்கத்தைவிட வியப்புதான் அதிகம். இத்தனை நாளும் இருந்தாரா! அதற்கு முந்தைய ஆண்டு அவருக்குப் பாரத ரத்னா அறிவித்ததுகூடப் பலர் மனதில் பதியவில்லை.

யாரையாவது பற்றி இப்படி வியக்காதவர் இருக்க முடியாது. பழைய நடிகை, ஓய்வுபெற்ற நீதிபதி, எப்போதோ அமைச்சராக இருந்தவர் என்று ஆள்தான் மாறும். கேட்க அற்பமாகத் தோன்றினாலும், இந்த வியப்புக்குள் இரண்டு பிழைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று நினைவாற்றல் செய்வது. மற்றொன்று வெறும் கணக்குப் பிழை.

முதலில் நினைவு. நம் தலைக்குள் பிறப்பு இறப்புப் பதிவேடு எதுவும் கிடையாது. ‘இன்னார் உயிரோடு இருக்கிறாரா?’ என்று யாராவது கேட்டால், மூளை எந்தப் பக்கத்தையும் புரட்டிப் பார்ப்பதில்லை. கடைசியாக எப்போது பெயரைக் கேட்டோம், அப்போதே என்ன வயது, கூட இருந்தவர்கள் என்ன ஆனார்கள், மனதில் இருக்கும் படம் கறுப்பு வெள்ளையா வண்ணமா என்று கையில் கிடைத்த தடயங்களை வைத்து ஒரு தீர்ப்பு எழுதிவிடுகிறது. ஒரு நொடிகூட ஆவதில்லை. ஊகித்தோம் என்பதே நமக்குத் தெரியாது. ஏற்கெனவே தெரிந்த விஷயம் போலவே தோன்றும்.

அந்த ஊகத்தின் அடியில் இருப்பது ‘அப்படியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்குமே’ என்ற வாதம். நேற்று உங்கள் தெருவில் தீ விபத்து நடந்ததா என்று கேட்டால் உடனே இல்லை என்பீர்கள். ‘தீ விபத்து நடக்கவில்லை’ என்று யாரும் வந்து சொல்லவில்லை. நடந்திருந்தால் காதில் விழுந்திருக்கும், அவ்வளவுதான். சொந்தத் தெருவுக்கு இது அருமையான தர்க்கம். பொது வாழ்க்கையிலிருந்து ஒதுங்கிவிட்ட ஒருவர் விஷயத்தில் இதே தர்க்கம் காலை வாரிவிடும். ‘உயிரோடு இருந்தால் செய்தியில் வந்திருப்பாரே’ என்று மனம் சொல்கிறது. முப்பது வருடமாக வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டு, சாயங்காலம் நாலு அடி நடந்துவிட்டு வருபவரைப் பற்றி எந்தச் செய்தியாளர் எழுதுவார்?

ஒரு விஷயத்துக்கு உதாரணம் எவ்வளவு எளிதாக நினைவுக்கு வருகிறதோ, அவ்வளவுக்கு அது அடிக்கடி நடப்பதாக நாம் எடுத்துக்கொள்கிறோம். ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1973-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரம் இதுதான். முதிய பிரபலங்கள் நம் நினைவில் நுழைவதே பெரும்பாலும் அவர்கள் இறந்த அன்றுதான். நாள் முழுக்கத் தொலைக்காட்சியில் பழைய காட்சிகள், மறுநாள் முதல் பக்கம், தலைவர்களின் இரங்கல். இறந்த கிழவர்கள் மனதில் வரிசையாக நிற்க, இருக்கும் கிழவர்கள் ஒருவர்கூட முன்னால் வருவதில்லை.

இதில் உச்சம் நெல்சன் மண்டேலாவுக்கு நடந்ததுதான். 1980களில் அவர் சிறையிலேயே இறந்துவிட்டதாக உறுதியாக நம்பியவர்கள் பல நாடுகளில் இருந்தார்கள். 2009 வாக்கில் அவர்கள் இணையத்தில் ஒருவரையொருவர் கண்டுகொள்ள, பலர் சேர்ந்து ஒரே தவறான நினைவை வைத்திருப்பதற்கே ‘மண்டேலா விளைவு’ என்ற பெயர் வந்துவிட்டது. உண்மையில் மண்டேலா 1990-இல் விடுதலையாகி, 1994 முதல் 1999 வரை குடியரசுத் தலைவராக இருந்து, 2013 டிசம்பர் 5 அன்று தன் 95-ஆம் வயதில் காலமானார். இவ்வளவு பெரிய விஷயம் எப்படித் தவறிப்போகும்?

தடயங்களை அடுக்கிப் பார்த்தால் புரிகிறது. சிறையில் இருந்த 27 ஆண்டுகளில் அவருடைய புதிய படங்களை வெளியிட முடியாதபடி தென்னாப்பிரிக்க அரசு தடுத்து வைத்திருந்தது. ஆகவே உலகம் அறிந்த முகம் 1960களின் தொடக்கத்தோடு நின்றுவிட்டது. 1977 செப்டம்பரில் ஸ்டீவ் பிக்கோ என்ற இன்னொரு கறுப்பினத் தலைவர் காவலில் இருந்தபோது இறந்தார். அது உலகச் செய்தியானது. 1988 ஜூனில் மண்டேலாவின் எழுபதாவது பிறந்தநாளுக்காக லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் பிரம்மாண்டமான இசை நிகழ்ச்சி நடந்து, பல நாடுகளில் ஒளிபரப்பானது. பாட்டு, பேச்சு, கண்ணீர் எல்லாம் உண்டு, ஆள் மட்டும் அங்கே இல்லை. அஞ்சலிக் கூட்டத்துக்கும் இதற்கும் மாலை ஒன்றுதான் குறை.

நினைவு, விஷயத்தை ஓரிடத்திலும் அது எங்கிருந்து வந்தது என்பதை வேறிடத்திலும் வைப்பது போலத்தான் நடந்துகொள்கிறது. நாளாக ஆக, எங்கிருந்து வந்தது என்பதுதான் முதலில் மங்கும். சிறை, மரணம், கூட்டம், துக்கம் ஆகிய நான்கும் மிஞ்சும். எது யாருக்கு என்பது கலந்துவிடும். வாழ்நாள் சாதனையாளர் விருது வாங்கிய பலரை நாம் மனதளவில் வழியனுப்பிவிடுவதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். பின்னணியில் பழைய படங்கள், எல்லோரும் எழுந்து நின்று கைதட்டல். பத்து வருடம் கழித்து மனதில் எஞ்சுவது விருதா, அஞ்சலியா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கூட இருந்தவர்களின் மரணமும் ஒரு தடயம். வைஜயந்திமாலாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1949-இல் திரைக்கு வந்தவர். 2024-இல் பத்ம விபூஷண் பெற்றார். அதே ஆண்டு, 90 வயதில், அயோத்தியில் மேடையேறிப் பரதம் ஆடினார். அந்தக் காணொளியைப் பார்த்த பலருக்கு நடனத்தைவிட ஆடியவரே அதிசயம். அவருடன் நடித்த எம்.ஜி.ஆர். 1987-இல் மறைந்தார், சிவாஜி 2001-இல், ஜெமினி கணேசன் 2005-இல். அந்தக் காலமே முடிந்துவிட்டது, இவரும் போயிருப்பார் என்று மனம் மொத்தமாகக் கணக்கை மூடிவிடுகிறது. ஆனால் வைஜயந்திமாலா பிறந்தது 1933-இல். எம்.ஜி.ஆர். அவரைவிடப் பதினாறு வயது மூத்தவர், ஜெமினி ஏறத்தாழப் பதின்மூன்று வயது மூத்தவர். திரையில் ஜோடி என்பதால் ஒரே வயதினர் என்று நாம் வைத்துக்கொள்கிறோம். நம் சினிமாவில் கதாநாயகி எப்போதும் சிறு பெண்தான். போதாக்குறைக்குப் பெண்களின் சராசரி ஆயுளும் கூடுதல். இரண்டையும் கூட்டினால், நாயகர்கள் மறைந்து கால் நூற்றாண்டு கழித்தும் நாயகிகள் நலமாக இருப்பதில் அதிசயமே இல்லை.

இதற்கு நேர்மாறானது அமெரிக்க நடிகர் ஏப் விகோடாவின் கதை. ஐம்பது வயதுக்குப் பிறகுதான் புகழ் வந்தது. பலர் அவரை அறிந்ததோ தள்ளாடும் கிழட்டுப் போலீஸ்காரர் வேடத்தில். 1982-இல் ‘பீப்பிள்’ பத்திரிகை அவரை ‘மறைந்த’ நடிகர் என்று எழுதிவிட்டது. மனிதர் சளைக்கவில்லை. சவப்பெட்டிக்குள் உட்கார்ந்து, அந்த இதழைக் கையில் பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டார். பிறகு 33 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 2016 ஜனவரியில், 94 வயதில் இறந்தார். அவர் இருக்கிறாரா இல்லையா என்று சொல்வதற்கென்றே ஒரு இணையதளம் இயங்கியது. பார்வையாளர்கள் 1975-இலேயே அவருக்கு எழுபது வயது என்று முடிவு கட்டியிருந்தார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் அவர் நூற்றுப் பத்தையும் தாண்டியிருக்க வேண்டும்!

நாமும் சிறுவயதில் பார்த்தவர்களை இப்படித்தான் எடை போடுகிறோம். பத்து வயதுப் பையனுக்கு ஐம்பது வயதுத் தலைவர் பழுத்த கிழவர். பையனுக்கு ஐம்பது ஆகும்போது தலைவருக்குத் தொண்ணூறு, நடமாடிக்கொண்டிருக்கக்கூடிய வயதுதான். ஆனால் பையன் மனதில் பதிந்தது நாற்பது வருட இடைவெளி அல்லவே, ‘என்னைப் போல ஐந்து மடங்கு’ என்ற எண்ணம்தான். ‘நான் ஸ்கூல் படிக்கும்போதே அவர் கிழவர்’ என்கிறோம். அப்போது நமக்கு எல்லோருமே கிழவர்கள்.

இனி கணக்குப் பிழை. இந்தியாவின் சராசரி ஆயுள் இன்று சுமார் 70. ‘எழுபதுதான் சராசரி, இவர் எப்படித் தொண்ணூறு?’ என்று கேட்பது பொருத்தமாகவே தெரியும். ஆனால் அந்த எழுபது, இன்று பிறக்கும் குழந்தைக்கான எண். குழந்தைப் பருவத்திலும் இளமையிலும் இறப்பவர்கள் எல்லோரும் அதில் அடக்கம். அந்தக் கண்டங்களைத் தாண்டி அறுபதை எட்டியவருக்கு இந்தியாவில் இன்னும் சராசரியாகப் பதினெட்டு ஆண்டுகள் பாக்கி. ராஜாஜி 1878-இலும் பெரியார் 1879-இலும் பிறந்தார்கள். அந்தக் காலத்தில் இந்தியாவின் சராசரி ஆயுள் முப்பதைக்கூடத் தொடவில்லை. இருவரும் 94 வயது வரை இருந்தார்கள். சராசரியைக் கீழே இழுத்தவை பச்சிளங்குழந்தைகளின் மரணங்கள். முப்பதில் எல்லோருக்கும் முடி நரைத்து உயிர் போய்விடவில்லை.

1825-இல் பெஞ்சமின் கோம்பெர்ட்ஸ் என்ற ஆங்கிலேயக் காப்பீட்டுக் கணக்கர் ஒரு ஒழுங்கைக் கண்டார். வளர்ந்த மனிதருக்கு ஓராண்டுக்குள் இறக்கும் வாய்ப்பு, வயது ஏற ஏற ஒரே விகிதத்தில் பெருகுகிறது. இன்றைய கணக்கில் ஏறத்தாழ எட்டு ஆண்டுக்கு ஒருமுறை அது இரட்டிப்பாகிறது. கேட்கவே பயமாக இருக்கும். ஆனால் தொடங்கும் எண் மிகச் சிறியது. இத்தனை இரட்டிப்புக்குப் பிறகும், அமெரிக்க ஆயுள் பட்டியல்களின்படி 80 வயது ஆண் அடுத்த பிறந்தநாளைக் காண நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு அளவுக்கு வாய்ப்பு உண்டு. தொண்ணூறு வயதுக்காரருக்கே நூற்றுக்கு எண்பதுக்கு மேல். எண்பதைத் தொட்ட ஆண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தொண்ணூறைத் தொடுகிறார். பெண்களில் இன்னும் அதிகம். இந்த எண்களை நண்பர்களிடம் சொல்லாமல் ஊகிக்கச் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் குறைத்துத்தான் சொல்வார்கள்.

இந்தக் கணக்கில் கையைச் சுட்டுக்கொண்டவர் ஒரு பிரெஞ்சு வழக்கறிஞர். 1965-இல் ஆர்ல் நகரில் 90 வயது மூதாட்டி ஒருவரின் வீட்டுக்கு அவர் விலை பேசினார். மூதாட்டி உயிரோடு இருக்கும் வரை மாதம் 2,500 ஃபிராங்க் கொடுப்பது, அவருக்குப் பின் வீடு வழக்கறிஞருக்கு. பிரான்சில் இது சகஜமான ஒப்பந்தம். அந்த மூதாட்டியின் பெயர் ஜான் கல்மா. முப்பது ஆண்டு பணம் கட்டிவிட்டு 1995-இல் வழக்கறிஞர் போய்ச் சேர்ந்தார். அவர் குடும்பம் தொடர்ந்து கட்டியது. கல்மா 1997-இல் 122 வயதில் இறந்தார். பதிவான மனித ஆயுளில் அதுவே அதிகம். வழக்கறிஞரை ஏமாளி என்று சொல்ல மாட்டேன். தொண்ணூறு வயதானவருக்குச் சராசரியாக நாலைந்து ஆண்டுதான் மிச்சம். அவருக்கு வாய்த்தது விதிவிலக்கு.

செய்தி அலுவலகங்களும் இதே அவசரத்தில் இருப்பவைதான். வயதான பிரபலங்களுக்கு இரங்கல் செய்தியை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது உலக வழக்கம். 1998 ஜூன் 5 அன்று, நகைச்சுவை நடிகர் பாப் ஹோப்புக்காக எழுதி வைத்ததை அசோசியேட்டட் பிரஸ் தவறுதலாகத் தன் தளத்தில் ஏற்றிவிட்டது. அதைப் பார்த்த ஒரு உறுப்பினர் அமெரிக்க நாடாளுமன்றத்திலேயே எழுந்து துக்கச் செய்தி சொல்லிவிட்டார். ஹோப் அப்போது வீட்டில் காலை உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். 2003 ஜூலையில், நூறு வயது முடிந்த பிறகுதான் காலமானார். அப்போது ‘நியூயார்க் டைம்ஸ்’ வெளியிட்ட இரங்கல் கட்டுரையை எழுதியவர் வின்சென்ட் கான்பி. கான்பியே 2000-இல் இறந்துவிட்டிருந்தார்.

நம் நாட்டில் நடந்தது இதைவிடப் பெரிது. 1979 மார்ச் 22 அன்று, பம்பாய் ஜஸ்லோக் மருத்துவமனையில் இருந்த ஜெயப்பிரகாஷ் நாராயண் இறந்துவிட்டதாகப் பிரதமர் மொரார்ஜி தேசாய் மக்களவையில் அறிவித்தார். அவை ஒத்திவைக்கப்பட்டது, வானொலியும் செய்தியைச் சொன்னது. ஜே.பி. உயிரோடு இருந்தார். அக்டோபர் 8 அன்றுதான் மறைந்தார். பிரதமரே சொன்ன பிறகு வரும் மறுப்பை யார் காது கொடுத்துக் கேட்பார்கள்? ஒரே கூற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அது உண்மை போலத் தோன்றத் தொடங்கும் என்பதை 1977-இல் அமெரிக்க உளவியலாளர்கள் சோதனையில் காட்டினார்கள். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் ‘பிரபல பாடகி காலமானார்’ என்று வருவதும், மாலையில் ‘நலமாக இருக்கிறார்’ என்று மறுப்பு வருவதும் வாடிக்கை. நாளடைவில் மறுப்பு மறந்துவிடும். பாடகியின் பெயரும் ‘காலமானார்’ என்பதும் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

கடைசியாக ஒரு சந்தேகம் எஞ்சுகிறது. பிரபலங்கள் உண்மையிலேயே அதிக நாள் வாழ்கிறார்களோ? 2001-இல் வெளியான ஆய்வு ஒன்று, ஆஸ்கர் வாங்கிய நடிகர்கள் வாங்காதவர்களைவிட 3.9 ஆண்டு கூடுதலாக வாழ்கிறார்கள் என்றது. உலகமே அதைக் கொண்டாடியது. 2006-இல் வேறு ஆய்வாளர்கள் அதே தரவைச் சரியான முறையில் திருப்பிக் கணக்கிட்டபோது, வித்தியாசம் ஓராண்டு அளவுக்குச் சுருங்கியது. அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்ற அளவில்தான். எழுபது வயதில் விருது வாங்க, எழுபது வரை உயிரோடு இருந்தாக வேண்டும். முந்தைய ஆய்வு அந்த எழுபது ஆண்டுகளையும் விருதின் கணக்கிலேயே வரவு வைத்துவிட்டது. வில்லியம் ஃபார் என்ற ஆங்கிலேயப் புள்ளியியலாளர் 1843-லேயே இந்தப் பொறியைச் சுட்டிக்காட்டியிருந்தார். சாதாரணப் பாதிரியாரைவிட ஆயர்கள் அதிக வயதில் இறப்பதைப் பார்த்து, ஆயர் பதவி ஆயுளைக் கூட்டும் என்று சொல்லக் கூடாது. இளமையில் இறந்தவர் எவரும் ஆயர் ஆவதில்லை.

ஜே.பி.யின் மரணத்தை அவசரப்பட்டு அறிவித்த மொரார்ஜி, 1995-இல் 99 வயதில் காலமானார். அவ்வளவு நாள் எப்படி வாழ்ந்தார் என்ற கேள்விக்கு ஊரே சொன்ன பதில் அவருடைய சிறுநீர் வைத்தியம். அவரும் அதைத்தான் பரிந்துரைத்தார். ஆனால் அவர் பிரதமராகப் பதவியேற்றபோதே வயது 81. அவரை ஒப்பிட வேண்டியது எண்பத்தொன்றிலும் பதவிக்கு ஓடும் அளவு திடமாக இருந்த மற்ற ஆண்களோடு. அவர்களிலும் தொண்ணூற்றொன்பதை எட்டுபவர்கள் சிலர்தான், ஆனால் உண்டு. அவர்களில் எத்தனை பேர் சிறுநீர் குடித்தார்கள் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.