கண்ணுக்குத் தப்பும் புற்றுநோயைக் காட்டும் நீலமும் பச்சையும்

உணவுக்குழாயில் புற்றுநோய் தொடங்கும்போது பெரும்பாலும் கட்டி என்று சொல்ல எதுவும் இருக்காது. உள்தோலில் ஓரிடம் லேசாகச் சிவந்திருக்கும், அல்லது அதுகூட இருக்காது. அந்தக் கட்டத்தில் சாப்பாடு தடையில்லாமல் இறங்கும், வலியும் இருக்காது. விழுங்கும்போது அடைக்கிறது என்று ஒருவர் எங்களிடம் வரும்போது நோய் பெரும்பாலும் வெகுதூரம் போயிருக்கும். அதனால்தான் எண்டோஸ்கோபி, அதாவது கேமரா பொருத்திய குழாயை உள்ளே விட்டுப் பார்க்கும் பரிசோதனை, செய்யும்போது வெள்ளை வெளிச்சத்தில் மட்டும் பார்த்துவிட்டு வரக் கூடாது என்று நான் வற்புறுத்துகிறேன்.

அந்த எண்டோஸ்கோபிக் குழாயின் கைப்பிடியில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் வெள்ளை வெளிச்சம் போய், 415, 540 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீலமும் பச்சையும் மட்டும் உள்ளே விழும். ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் நன்றாக உறிஞ்சிக்கொள்வது இந்த இரண்டையும்தான். நீலம் ஆழமாகப் போகாது, எனவே மேல்பரப்பின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பழுப்பாகத் தெரியும். பச்சை கொஞ்சம் உள்ளே போவதால் ஆழத்திலுள்ள சிரைகள் நீலப்பச்சையாகத் தெரியும். சற்று முன்பு ஒரே இளஞ்சிவப்பாக இருந்த இடத்தில் இப்போது ஒரு பழுப்புத் திட்டு விளிம்போடு எழுந்து நிற்கும். நெருங்கிப் பெரிதாக்கிப் பார்த்தால், சீரான மெல்லிய வளைவுகளாக இருக்க வேண்டிய நுண்குழாய்கள் வீங்கி, முறுக்கி, ஒன்று தடிமனாகவும் ஒன்று மெலிந்தும் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். புற்றுநோய் தனக்கு வேண்டிய ரத்தக்குழாய்களை இப்படித்தான் உருவாக்கிக்கொள்கிறது.

இந்த முறைக்கு நேரோ பேண்ட் இமேஜிங், சுருக்கமாக என்.பி.ஐ. என்று பெயர். வேறு நிறுவனக் கருவியில் செய்தால் ரிப்போர்ட்டில் பி.எல்.ஐ., ஐ-ஸ்கேன் என்று இருக்கலாம். செய்யும் விதம் வேறு என்றாலும் நோக்கம் ஒன்றுதான். இது தனிப் பரிசோதனை இல்லை, இன்னொரு குழாய் போடுவதும் இல்லை. எக்ஸ்-ரே போன்ற கதிர்வீச்சும் கிடையாது.

ஜப்பானில் ஏற்கெனவே உணவுக்குழாய்ப் புற்றுநோய் இருந்த 320 பேரிடம் செய்த ஆய்வு 2010இல் வெளியானது. உணவுக்குழாயின் மேலோட்டமான புற்றுகளில் வெள்ளை வெளிச்சம் 55 சதவீதத்தைத்தான் கண்டுபிடித்தது. என்.பி.ஐ. 97 சதவீதத்தைக் கண்டுபிடித்தது. மேலோட்டமாக இருக்கும்போதே பிடித்துவிட்டால், பலருக்கு நெஞ்சைத் திறக்காமல் எண்டோஸ்கோபி வழியாகவே அந்தப் பகுதியை உரித்தெடுத்துவிட முடியும்.

பெருங்குடல் கதை வேறு. அங்கே பாலிப்பை, அதாவது உள்சுவரில் முளைக்கும் சிறு சதை வளர்ச்சியைத் தேட, நல்ல ஹெச்.டி. வெள்ளை வெளிச்சமும் சுத்தமான குடலும் அவசரப்படாத கையும் இருந்தாலே பெரும்பாலும் போதும். பாலிப்பைக் கண்டுபிடித்த பிறகுதான் சிறப்பு வெளிச்சம் கைகொடுக்கிறது. அதன் மேல் ரத்தக்குழாய்கள் ஓடும் விதத்தையும் மேற்பரப்பின் கோலத்தையும் வைத்து, இது பின்னால் புற்றாக மாறக்கூடிய வகையா, எண்டோஸ்கோபியிலேயே வெட்டியெடுக்கலாமா, ஆபரேஷன் தேவைப்படுமா என்று அங்கேயே ஓரளவு கணிக்கலாம். ஆனால் கணிப்பு கணிப்புதான். சந்தேகமான இடத்திலிருந்து சதைத் துணுக்கு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதுதான் முடிவு. டாக்டர் பயாப்ஸி எடுத்தார் என்றாலே புற்றுநோய் என்று பயந்துவிட வேண்டாம்.

இந்த வெளிச்சத்துக்கு ஒரு பலவீனமும் உண்டு. ரத்தம் அதை விழுங்கிவிடும். உள்ளே ரத்தக்கசிவு இருந்தால் திரை கருத்துவிடும். தேங்கிய பித்தநீர் சிவப்பாகத் தெரிந்து ரத்தம் போலவே ஏமாற்றும். மலமோ சளியோ படிந்திருந்தால் அதன் அடியில் என்ன இருக்கிறது என்று எந்த வெளிச்சத்தாலும் காட்ட முடியாது. பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபிக்கு முன் கொடுக்கும் பேதி மருந்தில் பாதியை முந்தின இரவும் மீதியைப் பரிசோதனைக்குச் சில மணி நேரம் முன்பும் குடிக்கச் சொல்வது இதற்காகத்தான். இரண்டாவது பாதியைக் குடிக்க முடியாமல் விட்டுவிட்டு, "போதும் டாக்டர், நல்லா போயிடுச்சு" என்று வருகிறவர்கள் நிறைய. அவர்களுக்குக் குடலின் வலப்பக்கம் சரியாகத் தெரியாமல் போகலாம். அங்கே வரும் தட்டையான பாலிப்புகள் இயல்பிலேயே எளிதில் கண்ணில் படாதவை.

அப்புறம், பரிசோதனைக்கு முன் மறைக்காமல் சொல்ல வேண்டியவை சில இருக்கின்றன. புகையிலை, மதுப் பழக்கம், முன்பு வாயிலோ தொண்டையிலோ வந்த புற்றுநோய், எப்போதோ அமிலம் அல்லது காஸ்டிக் சோடா போன்ற காரம் விழுங்கிய சம்பவம், இவை எல்லாம் உணவுக்குழாய்க்கு ஆபத்தைக் கூட்டுபவை. கூட வந்த உறவினர் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால் டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். தெரிந்தால் உணவுக்குழாயில் சிறப்பு வெளிச்சத்தோடு நிதானமாக இறங்குவோம். தேவைப்பட்டால் அயோடின் கரைசலும் தெளிப்போம். நல்ல செல்கள் அதை வாங்கிக் கரும்பழுப்பாக மாறும், கெட்டுப்போன இடம் நிறம் பிடிக்காமல் வெளுத்து நிற்கும். அயோடின் ஒவ்வாமை இருந்தால் அதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.